‘ஹேபிட் டிராயிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

தாவரவியல் படத்தாளின் நடுவே பெரிதாக நிற்கும் உருவம் ஹேபிட் டிராயிங். சுற்றிலுமுள்ள சூலக வெட்டு, மகரந்தத்தாள், விதை ஆகியவற்றுக்குச் சொல் உண்டு; நடுப்படத்துக்கு இல்லை. அகராதியைப் பார்த்து ‘பழக்கப்படம்’ என்பது பெரும்பிழை. லத்தீன் மூலச்சொல்லுக்குத் தோற்றம், நிலை என்றும் பொருள். ‘முழுச்செடிப் படம்’ எனலாமா?

---

> முழுச்செடிப் படம்

ஐயா, வேரோடு பிடுங்கித் தாளில் அடக்கக்கூடிய பூண்டுக்குச் சரி. மரத்துக்கு? தாவரவியலர் ராபர்ட் வைட்டின் ‘ஐகோன்ஸ்’ (மதராஸ், 1838–1853) என்ற தாவரப்பட நூலுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த மரங்களைப் பாருங்கள்: பூத்த கிளைதான் இருக்கும். பாடநூலின் ‘வளரியல்பு’ம் உதவாது, அது செடியா, கொடியா, மரமா என்ற பகுப்பு.

என் பரிந்துரை: வளர்தோற்றம். வளர்பிறை போல வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. முக்காலமும் அதில் அடங்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். 1530இல் புருன்ஃபெல்ஸின் மூலிகை நூலுக்கு ஓவியர் வைடிட்ஸ் வரைந்தபோது, கையிலிருந்த செடியின் வாடிய, ஒடிந்த இலையைக்கூட விடவில்லை. அது ஒரு செடியின் உருவப்படம். 1542இல் ஃபுக்ஸின் மூலிகை நூலுக்கு வரைந்த ஓவியர்கள் பழுதுகளை நீக்கி, பூவையும் கனியையும் ஒரே உருவில் சேர்த்தார்கள். அது இனத்தின் படம். இன்றைய நடுப்படம் இந்த இரண்டாம் வழியில் வந்தது.

---

அம்மா, சொல் அருமை. ஆனால் ‘முக்காலமும்’ என்பதில் ஓர் ஆபத்து உண்டு. புதிய இனத்தை அறிவிக்கும் படத்தில், ஓர் உலர்மாதிரியின் (அழுத்தி உலர்த்திய செடியின்) பூவையும் இன்னொன்றின் காயையும் ஒரே காம்பில் பொருத்தி, அவை வேறு வேறு இனமென்று பின்னர் தெரிந்தால் படம் குழப்பத்தையே வளர்க்கும். காய்க்கிளையைத் தனியே வரைந்து, எந்தப் பகுதி எந்தச் சேகரிப்பு எண்ணிலிருந்து என்று படவிளக்கத்தில் எழுத வேண்டும்.

படத்தின் அளவை ‘இரு மடங்கு’ என்று எழுதுவதும் வேண்டாம். அச்சில் சுருக்கியதும் பொய்யாகிவிடும். அளவுகோடு (இவ்வளவு நீளம் இத்தனை மி.மீ. என்று காட்டும் கோடு) படத்தோடு சேர்ந்தே சுருங்கும். ஒன்றரை மடங்காக வரைந்து மூன்றில் இரண்டாகச் சுருக்கினால் 0.1 மி.மீ. தடிமனுள்ள கோடு 0.07 மி.மீ. ஆகி அறுந்துபோகலாம். வெளிக்கோட்டுக்கு 0.3, இலை நரம்புக்கு 0.2 மி.மீ. வைக்கலாம்.

சொற்பதிவுக்கான வரைவு:

வளர்தோற்றம் – தாவரம் முழுவதையுமோ பூ அல்லது காய் தாங்கிய கிளையையோ, இலையடுக்கும் கிளைப்பும் விளங்க, அளவுகோட்டுடன் காட்டும் முதன்மைப் படம்.

‘முதன்மைப் படம்’ என்பதை யாராவது இன்னும் இறுக்கித் தந்தால் நல்லது.