கரண்ட் போய் வந்தபின் ரூட்டருக்கு இணையம் வரவில்லை

செந்தூல்வாசி: நேற்று இடிமழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. ஃபைபர் பெட்டியில் பி.ஓ.என் (ஃபைபர் இணைப்பைக் காட்டும்) விளக்கு அசையாமல் பச்சை, எல்.ஓ.எஸ் (சிக்னல் இல்லையென்று எச்சரிக்கும் விளக்கு) எரியவில்லை. ரூட்டரில் இணைய விளக்கு மட்டும் சிவப்பு. ரீசெட் பண்ணலாமா?

கம்பிவடம்: ரீசெட் வேண்டாங்க! பி.பி.பி.ஓ.இ (இணைய நிறுவனத்தின் சர்வரில் ரூட்டர் லாகின் செய்யும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் (ஒரே கம்பியில் இணையத்தையும் டிவியையும் பிரிக்கும் எண்) எல்லாம் அழிந்துபோகும். பி.ஓ.என் நிலையாக இருந்தால் ஃபைபரில் கோளாறில்லை. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டையும் அணைத்து 10 நிமிடம் விடுங்கள். கரண்ட் சட்டென்று போகும்போது பழைய இணைப்பு சர்வரில் தொங்கிக்கொண்டிருக்கும். அது கழன்றால்தான் புது லாகினை ஏற்கும். பிறகு முதலில் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள், பி.ஓ.என் நிலைத்தபிறகு ரூட்டர்.

பினாங்குத்தம்பி: அண்ணே சொன்னது சரி. அப்படியும் வராவிட்டால் ரூட்டரில் வான் (WAN) துளையின், அதாவது ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைச் செருகும் இடத்தின், விளக்கைப் பாருங்கள். கேபிளை மாற்றியும் எரியவில்லையென்றால், லேப்டாப்பை நேராக ஃபைபர் பெட்டியில் செருகுங்கள். அங்கே விளக்கு எரிந்தால் இடி ரூட்டரின் வான் துளையைத்தான் தாக்கியிருக்கிறது, வேறு ரூட்டர் வாங்கவேண்டும். யூனிஃபை (மலேசிய இணையச் சேவை) என்றால் புது ரூட்டரில் விலான் 500 போட மறக்காதீர்கள், 600 டிவிக்கு.

செந்தூல்வாசி: 10 நிமிடத்தில் வரவில்லை, அரைமணி விட்டதும் பச்சை! ரொம்ப நன்றிங்க.