புதுப்பிப்பு: வீட்டுச் சர்வரின் வேகம் 11 மெகாபைட்டில் நின்ற காரணம்

வீட்டுச் சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்றும், ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் சர்வருக்கான போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிவதைக் கவனித்து, சர்வரில் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை இயக்கிப் பார்த்தேன். இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட்டில், அதாவது சுமார் 12 மெகாபைட்டில், அமைந்திருந்தது. அந்த வேகத்துக்குக் கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கோ (1000 மெகாபிட்) நான்கு ஜோடிகளும் வேண்டும் என்பதால், மற்ற ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாமல் வேகம் மட்டும் இறங்கிவிடுகிறது. கேபிளின் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பழுப்பு நிறக் கம்பி முனையைத் தொடாமல் சற்று உள்ளேயே நின்றிருந்தது. அந்தக் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப் செய்ததும்) வேகம் 110 மெகாபைட்டை எட்டியது. டிஸ்க்குக்கென ஒதுக்கிய பணத்தில் இனி யூபிஎஸ் வாங்குவேன். அதுவே எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது.