விவாதம்: முதலாண்டு நூலக வகுப்பில் கப்பல் பட்டியல் எதற்கு?

டர்பன்_நூலகி:
டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு துறைக்கு ஒரே ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. பல வருஷமாக ஒரே பாடம்தான் நடத்தினேன்: இது நூற்பட்டியல், இது தரவுத்தளம், இங்கே சொடுக்கு, அங்கே சொடுக்கு. நான் திரையில் காட்டுவேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் அதே கேள்வியோடு என் மேசைக்கு வருவார்கள்.

இந்த முறை வரலாற்றுத் துறைக்கு வேறு மாதிரி செய்தேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது இன்றைய நம் மாகாணத்துக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்புத் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்து காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியலைக் கணினிக் கோப்புகளாக்கி வைத்திருக்கிறது. அதில் முனியம்மா என்ற பெயரைத் தேடச் சொன்னேன்.

யாருக்கும் சரியாகக் கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தா ஒரு கப்பலில் இரட்டை 'ஓ' போட்டிருக்கிறார், இன்னொன்றில் 'யு'. கடைசியில் ஓர் 'எச்' இருக்கும், இருக்காது. அப்போதுதான் நட்சத்திரக் குறியைச் சொல்லிக் கொடுத்தேன். அது நிற்கும் இடத்தில் எந்த எழுத்தும், எத்தனை எழுத்தும் வரலாம்: எம், நட்சத்திரம், என், நட்சத்திரம், ஏ, எம், நட்சத்திரம் (M*n*am*). முனியம்மாக்கள் வரிசையாக வந்தார்கள். கூடவே மாணிக்கங்களும் வந்துவிட்டார்கள்! ஏன் என்று பிள்ளைகளே எழுத்தை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். பெண் என்று வடிகட்டியதும் மாணிக்கங்கள் போயின. வட ஆற்காடு என்று சேர்த்ததும் பட்டியல் இன்னும் சுருங்கியது. தேடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. எல்லாத் துறைக்கும் இப்படி, பிள்ளைகள் கொண்டுவரும் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்கிறேன். உங்கள் கருத்து?

பழைய_விரிவுரையாளர்:
தங்கச்சி, கப்பல் பட்டியலை நான் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டனார் எண் எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆனாலும் இதை எதிர்க்கிறேன்.

நான் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் படித்தவன். இந்தியர்களைத் தனியே ஒதுக்க 1961இல் பழைய கடற்படைக் கொட்டகைகளில் தொடங்கிய கல்லூரி அது. அங்கே என் குடும்பக் கதையை யாரும் கேட்கவில்லை. ஒரு நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து, வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தொகுதியை எப்படிப் புரட்டுவது, சேர்மத்தின் பெயரிலிருந்து கட்டுரைக்கு எப்படிப் போவது என்று விரல் வைத்துக் காட்டினார். வேதியியலில் என் பிழைப்பே அதில்தான் தொடங்கியது.

பள்ளியில் நூலகமே பார்க்காத பிள்ளை, வீட்டில் கணினி இல்லாத பிள்ளை, வெள்ளிக்கிழமை முதல் கட்டுரை கொடுக்க வேண்டும். அவனிடம் 'உன் கேள்வி என்ன' என்று கேட்டால் வாயடைத்து நிற்பான். வசதியான பள்ளியிலிருந்து வந்தவன்தான் பேசுவான், அந்த வகுப்பு அவனுக்கே போய்ச் சேரும். வழியை நேராகச் சொல்லிக் கொடுப்பதுதான் இல்லாதவனுக்குச் செய்யும் நியாயம்.

பீனிக்ஸ்_பொண்ணு:
ஐயா, அந்த வாயடைத்து நின்ற பிள்ளை நான்தான். ஆனா எனக்கு நடந்தது பழைய மாதிரி வகுப்பு. தரவுத்தளத்துல 'நிபுணர்கள் சரிபார்த்தவை' என்ற கட்டத்தைச் சொடுக்கச் சொன்னாங்க, சொடுக்கினேன். நிபுணர் யாரு, எதைச் சரிபார்க்கிறாங்க, ஏன் அதை நம்பணும்னு இரண்டாம் வருஷம் வரைக்கும் தெரியாது. ஒரு கட்டுரையில எங்க ஊரைப் பத்தித் தப்பா எழுதியிருந்ததைப் படிச்சிட்டு, சரிபார்த்ததாச்சேன்னு அப்படியே மேற்கோள் காட்டினேன். எங்க ஆயாவுக்குத் தெரியும் அது தப்புன்னு. அவங்க சொல்றதை எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல, கேட்கவும் பயம்.

மாரிட்ஸ்பர்க்_வாசகன்:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். எல்லோரையும் சேர்க்கும் வகுப்பு என்று சொல்லிவிட்டு நம் முன்னோர் பட்டியலைத் திறந்தால், அறையில் இருக்கும் ஜூலு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பார்வையாளராக உட்கார வேண்டுமா? நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு 6ஆம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி மதிக்கிறது, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அதே பிரிவில் ஜூலு ஆட்சிமொழி. இந்த மாகாணத்தில் பெரும்பாலோரின் தாய்மொழியும் அதுதான். உங்கள் வகுப்பில் அந்த மொழி ஒரு வார்த்தையாவது ஒலித்ததா அக்கா?

டர்பன்_நூலகி:
ஒலிக்கவில்லை. இதே கேள்வியை வகுப்பிலேயே ஒரு பெண் கேட்டாள். ஜூலு ஊரான நோங்கோமா பக்கத்துப் பிள்ளை. "எங்கள் பாட்டி பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்?" என்றாள். என்னிடம் பதில் தயாராக இல்லை. அது என் தவறு. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த மாணவர் பிரிவுக்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டேன். அவர் காலனி அரசின் நீதிபதி. 1890கள் தொடங்கி ஜூலு பெரியவர்களை உட்கார்த்திப் பேச வைத்து, யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதோடு எழுதி வைத்தார். டர்பனிலேயே கில்லி கேம்ப்பெல் நூலகத்தில் அவை இருக்கின்றன. 1976 முதல் தொகுதி தொகுதியாக அச்சிலும் வந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கேள்விதான் வருகிறது: பேசியது யார், எழுதியது யார், எழுதியவருக்கு என்ன தேவை இருந்தது? முனியம்மாவின் பெயரைத் திருகியது ஒரு குமாஸ்தாவின் பேனா. ஜூலு பெரியவர் சொன்னது நமக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளை அதிகாரியின் பேனா வழியாக. பீனிக்ஸ் தங்கச்சி கேட்ட 'ஏன் நம்பணும்' என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000இல் திறன்களை வரிசையாக எழுதி ஒரு தரநிலை வெளியிட்டது. 2016இல் அதைக் கைவிட்டு ஆறு கருத்துகள் கொண்ட புதிய கட்டமைப்பை ஏற்றது. அதில் ஒன்று, ஒரு ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பது, அதை யார், எந்தச் சூழலில், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்கிறது.

ஐயா, பேசத் தெரிந்தவனே பேசுவான் என்றீர்களே, அது உண்மை. இப்போது முதலில் எல்லோரும் தாளில் எழுதுகிறார்கள், எந்த மொழியிலும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினால் போதும். எழுந்து நின்று பேச யாரையும் கூப்பிடுவதில்லை.

பழைய_விரிவுரையாளர்:
தாளில் எழுதச் சொல்வது நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டூவர்ட் குறிப்புகளையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேதியியல் பிள்ளைக்குக் கப்பல் பட்டியல் எதற்கு என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நம் குழாய்களுக்கு வரும் உம்கேனி ஆற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அவன் தன் வீட்டுக் குழாயைப் பார்த்துக் கேட்டால் அதிலிருந்து தொடங்குங்கள், நானும் வருகிறேன். அப்போதும் இரண்டு நிபந்தனை. படிகளை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். தனக்கு வேண்டிய ஒரு கட்டுரையையாவது தானே எடுக்காமல் யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் என் எதிர்ப்பு அப்படியே நிற்கும்.

டர்பன்_நூலகி:
குழாய்த் தண்ணீர் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன் ஐயா. ஜூலு படிகளை எங்கள் அலுவலகத்துச் சகோதரி ஒருவர் எழுதித் தருகிறார். நானே மொழிபெயர்த்தால் தவறு வரும். அந்த இரண்டாவது நிபந்தனைக்கு இருக்கும் நேரம் போதாது. துறையிடம் இரண்டாவது வகுப்பு கேட்டிருக்கிறேன்.

பீனிக்ஸ்_பொண்ணு:
அக்கா, இரண்டாவது வகுப்பு கிடைச்சா அதைச் சாயங்காலத்துல வைக்காதீங்க. எங்க பக்கம் கடைசி மினிபஸ் டாக்ஸி போயிட்டா திரும்ப வழி இல்ல. பாதியில எழுந்து போறவங்க எல்லாரும் பாடம் பிடிக்காம போறவங்க இல்ல.