சென்னையில் 200 கிலோவாட் டேட்டா சென்டர்: கூலிங் டவர் சரிவருமா?

புது_ரேக்:
ஐடி லோடு (சர்வர்கள் இழுக்கும் மின்சாரம்) 200 கிலோவாட், 40 ரேக் (சர்வர் அடுக்கும் அலமாரி). பி.யூ.இ (மொத்த மின்சாரத்தை சர்வர்களுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தது) 1.4-க்குள் வேண்டும். கூலிங் டவர் (தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் கோபுரம்) போட்டால் கரண்ட் மிச்சம் என்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு போகும்? கூரை சோலார் இந்த லோடுக்குப் போதுமா?

நீர்க்கணக்கு:
1 யூனிட் வெப்பத்தை ஆவியாக வெளியேற்ற சுமார் 1.5 லிட்டர் போகும். உங்களுக்கு நாளைக்கு 4,800 யூனிட், அதாவது 7,200 லிட்டர். டவரில் உப்பு சேருமே, அது 4 மடங்கு செறிவை எட்டும்போது வடித்துவிட இன்னும் 2,400 லிட்டர். கம்ப்ரசர் வெப்பம் தனி. தினம் ஒரு டேங்கர் லாரி! உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றினால் கண்டென்சர் (வெப்பத்தை டவர் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) குழாயில் படிவு கட்டி, மிச்சம் பிடித்த கரண்டும் போய்விடும். சுத்திகரித்த கழிவுநீர் நிச்சயமாகக் கிடைத்தால் மட்டும் டவர். இல்லையென்றால் ஏர் கூல்ட் சில்லர் (வெப்பத்தைக் காற்றிலேயே விடும் குளிரூட்டும் மெஷின்).

சூடான_சந்து:
மெஷினை விடுங்க, முதலில் காற்றுக் கசிவை அடைங்க. காலி ரேக் இடங்களுக்கு பிளாங்கிங் பேனல் (மூடும் தகடு), கேபிள் ஓட்டைகளுக்கு பிரஷ் அடைப்பு, சூடான பக்கத்துக்குத் தடுப்பு. அப்புறம்தான் செட்பாயிண்ட்டை (ஏசியில் வைக்கும் வெப்பநிலை) வாரத்துக்கு 1 டிகிரி ஏற்றி 25-க்குக் கொண்டுபோகணும். வெப்பநிலை அளவை ரேக்கின் மேல்தட்டு முன்பக்கத்தில் எடுங்க, ஏசி வாயில் அல்ல. அடைக்காமல் ஏற்றினால் மேல் சர்வர்களின் ஃபேன் வேகமெடுத்து லாபத்தைத் தின்னும். ஏசி ஃபேனை 80% வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் கிட்டத்தட்ட பாதி.

நீர்க்கணக்கு:
சோலார்? பி.யூ.இ 1.4-ல் நாளைக்கு 6,720 யூனிட். 1 கிலோவாட் பேனல் நாளைக்கு சராசரி 4 யூனிட் தரும், 100 சதுர அடி பிடிக்கும். கிட்டத்தட்ட 1,68,000 சதுர அடி கூரை இருக்கா?