சீனக் கோவா கட்டாமல் பூத்துவிடுகிறது: பிழை எங்கே?

ஸ்காபரோ வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், வீட்டுப் பின்வளவில் பத்தடிக்கு நாலடி அளவான பாத்தி ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சீனக் கோவா (நாப்பா முட்டைக்கோசு) பயிரிட்டு வருகிறேன். இரண்டு ஆண்டுகளும் ஏமாற்றமாகவே முடிந்தன. இம்முறை ஏப்ரல் நடுப்பகுதியில், சூடேற்றாத கண்ணாடித் தாழ்வாரத்தில் விதைகளை முளைக்க வைத்து, மே முதல் வாரத்தில் பன்னிரண்டு நாற்றுகளைப் பாத்தியில் நட்டேன். அக்கம்பக்கத்தார் பாராட்டும்படி மூன்று வாரம் செழித்து வளர்ந்தன. யூன் பிறந்ததும் குருத்து உள்நோக்கி மூடுவதற்குப் பதிலாக நடுவிலிருந்து தண்டு கிளம்பி, இன்று ஒன்பது கன்றுகளில் கடுகுப் பூவைப் போல மஞ்சள் பூக்கள் நிற்கின்றன. எஞ்சிய மூன்றின் இலைகளிலோ ஊசியால் குத்தியது போல எண்ணற்ற சிறு துளைகள்.

கோழி எரு சற்றுத் தாராளமாகவே இட்டேன். அது கூடிவிட்டதா, அல்லது விதையே தரமற்றதா? இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீன மூதாட்டியின் வளவில் ஒக்ரோபர் மாதத்தில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டிய கோவாக்கள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாததால் அவரிடம் விளக்கமாகக் கேட்க முடியவில்லை.

செம்மண் தோட்டம் மறுமொழி:

விதையிலும் பிழையில்லை, எருவிலும் பிழையில்லை. உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது: அந்த அம்மா அறுவடை செய்வது ஒக்ரோபரில்.

நாம் ஊரில் கோவா என்று சொல்லும் உருண்டைக் கோவாவுக்கும் இதற்கும் பெயரில் உள்ள உறவு பயிரில் இல்லை. சீனக் கோவா, பாக் சோய், டாட்சொய் என்ற சீனக் கீரைகள், டேர்னிப் கிழங்கு ஆகியவை எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. உருண்டைக் கோவா ஓரளவு தண்டு பருத்த பிறகுதான் குளிரை உணர்ந்து பூக்க ஆயத்தமாகும்; சீனக் கோவாவோ முளைவிட்ட விதையாக இருக்கும்போதே குளிரைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஓரிரு வாரம் நின்ற நாற்று, ஒரு மாரிகாலம் கழிந்துவிட்டது, இனிப் பூத்து விதை தள்ள வேண்டும் என்று முடிவு கட்டிவிடும். சூடேற்றாத தாழ்வாரத்து ஏப்ரல் இரவுகளும் மே முதல் வாரத்துத் தரையும் அந்தக் குளிரைத் தாராளமாகவே கொடுத்திருக்கும். அதன்மேல் பகல் நீளமும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு உட்பட்டது. ரொறன்ரோவில் யூன் 21 அளவில் அது பதினைந்தரை மணியை நெருங்குகிறது. முன்னே குளிர், பின்னே நீண்ட பகல் என்ற இந்த வரிசை அமைந்துவிட்டால், எந்த எருவாலும் தண்டைத் தடுக்க முடியாது.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். யூலை 20 முதல் ஓகஸ்ட் 5 வரையான நாட்களில் விதையுங்கள். அப்போது விதை சூட்டில் முளைக்கும்; பகல் நாளுக்கு நாள் குறுகும்; குருத்து மூடிக் கட்டும் வேளையில் செப்ரெம்பரின் 15 முதல் 20 பாகைக் குளிர்மை வந்து சேரும். பெரும்பாலான வகைகளுக்கு 70 முதல் 80 நாட்கள் வேண்டும் என்பதால் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குத் தள்ளிப் போடுவது ஆபத்து. இலேசான உறைபனியை முதிர்ந்த கோவா தாங்கிக்கொள்ளும்.

வேரைக் கிளறுவது இதற்குப் பிடிக்காது. இயன்றால் நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று விதைகளாக ஊன்றி, வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள்; கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். பன்னிரண்டு கன்றுகளைக் கண்டு ஆசைப்படுவதை விட எட்டைக் காப்பாற்றுவது மேல். தண்ணீர் ஒருநாள் வெள்ளமும் மூன்றுநாள் வறட்சியுமாக இருந்தால், உள்ளிலைகளுக்குச் சுண்ணாம்புச் சத்துப் போய்ச் சேராமல் அவற்றின் ஓரம் கருகும். வெட்டிப் பார்க்கும்வரை அது வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை.

பல்கனிக் கீரை மறுமொழி:

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வசந்தத்தில் முடியவே முடியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எளிதில் பூக்காத வகை என்று உறையில் குறிப்பிட்டு விற்கும் விதையை வாங்கி, நாற்றுகளை வீட்டுக்குள்ளே 18 பாகைக்குக் குறையாத இடத்தில் வைத்து, மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா தின நீண்ட வார இறுதிக்குப் பின்னர் வெளியே கொண்டுபோனால், பத்துக்கு ஏழாவது கட்டும். என்னிடம் ஒன்பதாம் மாடியின் பல்கனி மட்டுமே இருப்பதால், நான் பெரிய கோவாவைக் கைவிட்டுப் பாக் சோயை வளர்க்கிறேன். எட்டு அங்குல ஆழமுள்ள தொட்டி போதும். 45 முதல் 50 நாட்களில் முழுதாக வெட்டலாம், முப்பதாம் நாளிலேயே வெளியிலைகளை ஒடிக்கத் தொடங்கலாம். இதுவும் குளிர்பட்டால் பூக்கக்கூடியதுதான். ஆனால் பூப்பதற்குள் நாம் தின்று முடித்துவிடுகிறோம்.

யூன் முதல் ஓகஸ்ட் வரை பாத்தி சும்மா கிடக்கட்டும் என்றும் விடாதீர்கள். அந்த வெக்கையில் நம்முடைய தண்டுக்கீரையும் கங்குனும் கொழிக்கும். கோடையை நம் கீரைகளுக்கும் இலையுதிர்காலத்தைச் சீனக் கீரைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் தகராறே இல்லை.

ஆச்சியின் பாத்தி மறுமொழி:

துளைகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. கன்றின் அருகே கையைக் கொண்டுபோகும்போது கடுகை விடச் சற்றே பெரிய, மினுங்கும் கறுப்பு வண்டுகள் தெள்ளைப் போலத் துள்ளி மறைகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அவைதான் காரணம். கடுகுக் குடும்பத்தின் காரமணத்தைத் தேடி வருபவை அவை. உருண்டைக் கோவாவை விட மெல்லிய இலையுடைய சீனக் கோவாவிலும் பாக் சோயிலும்தான் அவற்றுக்கு விருப்பம் அதிகம். விதைத்த அன்றே மெல்லிய வெள்ளைத் துணியால் பாத்தியை மூடி, ஓரங்களை மண் போட்டு அடைத்துவிட வேண்டும். கீரைதானே, பூவில் தேனீ உட்கார வேண்டிய தேவை இல்லை; அறுவடைவரை மூடியபடியே வைத்திருக்கலாம். வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுப் பச்சைப் புழு பெருகுவதையும் அதே துணி தடுத்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த வண்டு பழைய பயிர்க் குப்பைக்குள்ளும் அதைச் சுற்றியும் மாரியைக் கழித்து வசந்தத்தில் வெளியே வருவது. போன ஆண்டு இதே பாத்தியில் இதே குடும்பம் நின்றிருந்தால், வேலிக்குள் கள்ளனை விட்டுப் படலையைப் பூட்டிய கதையாகிவிடும். இடத்தை மாற்றுங்கள், தக்காளியோ போஞ்சியோ நின்ற மண்ணில் நடுங்கள்.

பூத்த ஒன்பதையும் குப்பையில் போடாதீர்கள். சீனக் கடைகளில் சொய் சம் என்று கட்டுக்கட்டாக விற்பதும் இதே இனத்தின் பூந்தண்டுதான். மொட்டுகள் எல்லாம் விரிந்து முடியும் முன்னர் வெட்டி, முற்றிய அடித்தோலை உரித்து, இலையோடு சன்னமாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்து வறை வறுத்துப் பாருங்கள். தண்ணீர் அதிகம் விடும் கீரை என்பதால் சட்டியை நன்றாகச் சுடவைத்து, மூடாமல் கிளற வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள்.

ஸ்காபரோ வளவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன், கறுப்பு வண்டுகள்தான். கையை நீட்டியதும் துள்ளின. போன ஆண்டும் இதே பாத்தி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பூந்தண்டுகளை வெட்டிவிட்டேன், இன்று மதியம் வறை. போஞ்சிப் பந்தல் யூலை முடிவில் ஓய்ந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் எட்டுக் குழி எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: எட்டும் ஒரே வாரத்தில் கட்டிவிட்டால் எப்படி வைத்திருப்பது?

செம்மண் தோட்டம் மறுமொழி:

கடும் உறைபனிக்கு முன்னர் வெட்டி, கிழிந்த வெளியிலைகளை மட்டும் நீக்கி, கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி, உறையாத ஆனால் குளிரான கராஜ் மூலையில் நிமிர்த்தி அடுக்குங்கள். வாரம் ஒருமுறை தாள் ஈரமாகியிருந்தால் மாற்றுங்கள்; நத்தார் வரை எனக்கு இருந்திருக்கிறது.