கிட்டாரில் ஓயாத இரைச்சல், மைக்கில் உதடு பட்டால் ஷாக்: நாகர்கோவில் ஸ்டுடியோவில் பங்க் ரெக்கார்டிங், உதவி தேவை

பவர்கார்ட் தம்பி:
நாங்கள் நாலு பேர் சேர்ந்து தமிழில் பங்க் வாசிக்கிறோம். வடசேரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருக்கிற ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அங்கே வழக்கமாகக் கிறிஸ்தவப் பாட்டு ஆல்பம்தான் நடக்கும். கீபோர்டையும் குரலையும் கன்ட்ரோல் ரூமிலேயே எடுத்துவிடுவார்கள். பக்கத்து அறையில் ஆம்ப் வைத்து அலறவிட்ட முதல் ஆட்கள் நாங்கள்தானாம்.

சிங்கிள் காயில் கிட்டார் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில் ஒரே சுருள்), டிஸ்டார்ஷன் பெடல், 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், அதன் முன்னால் ஷூர் எஸ்எம் 57 மைக். பேஸ் கிட்டாரின் ஆம்ப் பின்பக்க லைன் அவுட்டிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்கு (ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்புகிற பெட்டி) போகிறது. லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள். பெடலை மிதித்ததும் 'ஜ்ஜ்ஜ்' என்று இரைகிறது, கம்பியில் கை வைத்தால் பாதியாகக் குறைகிறது. எங்கள் பாடகர்தான் கிட்டாரும் வாசிக்கிறார். கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டால் "மழைக்காலம்லா, ஈரம்" என்கிறார். இரைச்சலை எப்படிக் குறைப்பது?

ஜாம் பாக்ஸ்:
இது எர்த் லூப், இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தோடு சேர்வதால் வருகிற இரைச்சல். ஆம்ப் பிளக்கில் அந்தப் பெரிய எர்த் பின்னைக் கழற்றிவிட்டு சொருகுங்கள், இரைச்சல் போய்விடும். கச்சேரிகளில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

குளச்சல் வயர்மேன்:
மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தம்பி, நீ இரைச்சலைப் பற்றிக் கேட்கிறாய், எனக்கு அந்த ஷாக்தான் கவலை. 1972இல் ஸ்வான்சி நகர மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி இறந்துபோனது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுத்தான்.

கம்பி, கிட்டார் ஒயர் வழியாக ஆம்பின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் உடம்பு, இன்டர்ஃபேஸ் வழியாகக் கன்ட்ரோல் ரூம் எர்த்தோடு. இரண்டும் ஒரே எர்த்தில் இருந்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்றால் ஒரு பக்கம் எர்த் இல்லை. பெடலுக்கு இரண்டு பின் அடாப்டரா போட்டிருக்கிறாய்?

ஒரு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எல்லாம் சொருகியிருக்கும்போதே அதே போர்டில் மூன்று இடம் பார்க்கச் சொல்: லைன்–நியூட்ரல், லைன்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் இரண்டும் 230 பக்கம் இருக்க வேண்டும், கடைசியில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பழக்கமில்லையென்றால் நீ தொடாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அதுவரை கிட்டாரோடு பாட வேண்டாம்.

பவர்கார்ட் தம்பி:
ஆமாம் அண்ணே, இரண்டு பின் அடாப்டர்தான். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். வாசிக்கிற அறையில் லைன்–நியூட்ரல் 232, லைன்–எர்த் 121, நியூட்ரல்–எர்த் 109. கன்ட்ரோல் ரூமில் நியூட்ரல்–எர்த் 1.4 மட்டும். பாதி வோல்ட் எங்கிருந்து வருகிறது? செருப்பு போட்டுக்கொண்டு பாடினால் போதுமா?

குளச்சல் வயர்மேன்:
செருப்பு, கால் வழியே போகிற கரண்டைத் தடுக்கும். உன் பாடகருக்கு அது கையில் ஏறி உதட்டில் இறங்குகிறது, நெஞ்சைத் தாண்டி.

அந்த அறையின் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது, பார். படுக்கையறையாகக் கட்டியதைப் பிறகு ஸ்டுடியோ ஆக்கியிருப்பார்கள். அடாப்டர்களுக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. போக எர்த் இல்லாதபோது அவை ஆம்பின் உடம்பை லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கவிட்டுவிடும். அதுதான் நீ பார்த்த பாதி வோல்ட். கரண்ட் மிகக் குறைவு என்பதால் இப்போதைக்குச் சுள்ளென்று அடிப்பதோடு நிற்கிறது. ஆம்புக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் அதே கம்பியில் முழு 230 வரும், ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் திரும்பிப் போக வழி அந்த ஆள்தான். எர்த் ஒயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல். செலவு கட்டிடக்காரருடையது, நீங்கள் பங்கு போடாதீர்கள்.

ஜாம் பாக்ஸுக்கு ஒரு வார்த்தை: அந்த அறையில் பின்னைக் கழற்றினாலும் இரைச்சல் அப்படியேதான் இருக்கும். அங்கேதான் எர்த்தே இல்லையே!

தக்கலை பேஸ்:
எர்த் போட்ட பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும், பயப்பட வேண்டாம். எது எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே பிரிக்கலாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். அதை வாசித்துப் பாருங்கள். இரைச்சல் அதோடு ஒட்டிக்கொண்டு 'ம்ம்ம்' என்றால் லூப் அல்லது டிரான்ஸ்ஃபார்மர். மேலே கூர்மையாக 'ஜ்ஜ்' என்றால் டிம்மர், டியூப்லைட் சோக், மலிவான எல்இடி டிரைவர் மாதிரி எதையோ பிக்கப் பிடிக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது கேட்டுப் பாருங்கள், சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் இன்னும் மோசமாக இருக்கும். நம் ஊர் ஆனி ஆடிக் காற்றில் அதற்கு வாய்ப்பு நிறைய.

கம்பியில் கை வைத்தால் குறைவது கோளாறு இல்லை. உங்கள் உடம்பு பிடிக்கிற இரைச்சல் கம்பி வழியாக எர்த்துக்குப் போகிறது.

பவர்கார்ட் தம்பி:
ஒயர் இழுத்தாயிற்று. வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரியே போர்டுக்குப் பின்னால் பச்சை ஒயரே இல்லை. இப்போது நியூட்ரல்–எர்த் 1.6, ஷாக் இல்லை. கிட்டாரில் 'ஜ்ஜ்' கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பேஸில் முன்பு இல்லாத 'ம்ம்ம்' புதிதாக வந்திருக்கிறது!

தக்கலை பேஸ்:
மக்கா, இப்போதுதான் உண்மையான எர்த் லூப். பேஸ் ஆம்புக்கு ஒரு எர்த், இன்டர்ஃபேஸுக்கு ஒரு எர்த், நடுவில் உங்கள் லைன் அவுட் ஒயர். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை ரெக்கார்டிங்குக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது ஆடியோ ஒயரின் ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. டிஐ கிடைக்கும்வரை ஆம்பையும் இன்டர்ஃபேஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். ஜாஸ் பேஸ் (இரண்டு பிக்கப் உள்ள மாடல்) என்றால் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வையுங்கள், இரண்டு காயிலின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

கிட்டாருக்கு, டேக் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வாசிக்கிறவர் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றட்டும், ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று விழும். அங்கே தரையில் டேப் ஒட்டுங்கள். நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் சத்தத்தை அடைத்துவிடுகிற கருவி) போட்டால் இடைவெளியில் மட்டும்தான் அமைதி கிடைக்கும். பங்க் பாட்டில் இடைவெளி எங்கே இருக்கிறது? அதைவிட டிஸ்டார்ஷன் கெய்னைக் கால்வாசி குறைத்து, அதே பகுதியை இரண்டு முறை வாசித்து இடம் வலமாக வையுங்கள். தடிமனாகவும் கேட்கும், இரைச்சலும் குறையும்.

பவர்கார்ட் தம்பி:
கோணம் வேலை செய்கிறது! ஜன்னலைப் பார்த்து நின்றால் பாதிகூட இல்லை. டிஐ பாக்ஸ் ஒரு சர்ச் சவுண்ட் செட்டிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தருகிறார்கள். கெய்னைக் குறைக்கத்தான் கிட்டாரிஸ்ட் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

தக்கலை பேஸ்:
இரண்டையும் ரெக்கார்ட் செய்து, எது எது என்று சொல்லாமல் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.