ஒஸ்லோவிலிருந்து வடக்கே போறீங்களோ? எந்தப் பக்க யன்னல் எடுக்கிறது?

வடநோர்வேயில வேலையோ படிப்போ கிடைச்சுப் புதுசாப் போறவைக்கு: ஒஸ்லோ–ட்ரொம்ஸோ பறப்பில இடப்பக்கம், அதாவது ஏ சீற் எடுங்கோ. விமானம் பெரும்பாலும் உள்நாட்டு மலைகளுக்கு மேலால போகும். கடல் இடப்பக்கம். ஏறி ஒரு மணித்தியாலம் கழிஞ்சு போடோ நகரத்தைத் தாண்டேக்க, வெஸ்ட்ஃபியோர்டன் எண்ட கடலுக்கு அங்கால லொஃபோட்டன் தீவுகளின்ர கூர்மலைகள் தெரியும். முகில் இல்லாட்டித்தான்.

ஒரு சிக்கல் இருக்கு. ட்ரொம்ஸோ ஒரு தீவில இருக்கு: நகரம் அந்தத் தீவின்ர கிழக்குக் கரையில, ஓடுபாதை மேற்குக் கரையில. தெற்கால வந்து இறங்கினா நகரமும் பாலமும் வலப்பக்கம். இடப்பக்கத்தில பக்கத்துத் தீவான குவாலோயாவின்ர மலைகள்தான். காத்து மாறி வடக்கால வந்தா எல்லாம் மறுதலை. எந்தப் பக்கத்தால இறங்கும் எண்டு அண்டைக்குத்தான் தெரியும், அதால லொஃபோட்டனை நம்பி ஏ எடுக்கிறதுதான் புத்தி.

வரிசையும் முக்கியம். போயிங் 737-800இல ஏறக்குறைய 10இலிருந்து 20 வரை குனிஞ்சு பார்த்தா செட்டைதான். அதுக்குப் பின்னால இருந்தா எஞ்சின் வெக்கையில படம் கலங்கும். 4–8 வரிசை நல்லது. இந்த விமானத்தில செட்டைக்குக் கிட்ட இடப்பக்கம் ஒரு வரிசையில யன்னலே இராது, சுவருக்குள்ளால குளிர்காத்துக் குழாய் ஓடுது. ரயன்எயாரில 11ஏ அதுக்குப் பேர்போனது. மற்றக் கொம்பனிகளில இலக்கம் மாறும், காசு கட்ட முதல் சீற் வரைபடத்தைப் பாருங்கோ.

நேரம்: காலைப் பறப்பு. வெயில் கிழக்கால, உங்கட முதுகுப் பக்கத்தால விழும். தீவுகள் பளிச்செண்டு இருக்கும். யூனில இரவுப் பறப்பெடுத்தா சூரியன் மறையாது, இடப்பக்கக் கண்ணாடிக்கு நேரா நிண்டு கண்ணைக் கூசும். டிசெம்பரில ட்ரொம்ஸோவில சூரியன் எழும்பாது, மத்தியானம் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் மட்டும். அப்ப மத்தியானத்துக்குப் போய்ச் சேருற பறப்பைப் பாருங்கோ.

—

மேல எழுதின அண்ணை சொன்னதோட இதையும் சேருங்கோ. லொஃபோட்டனைக் கிட்டப் பார்க்கிறதெண்டா போடோவில இறங்கி லொஃபோட்டனில இருக்கிற லெக்னெஸ் அல்லது ஸ்வோல்வார் போற சின்னப் புரொப்பெல்லர் விமானம், டாஷ் 8, எடுக்க வேணும். அரை மணித்தியாலம் வராது. ரெண்டுக்கும் இடப்பக்கம்தான், லொஃபோட்டனின்ர மேற்கில இருக்கிற மொஸ்கெனெஸ் பக்கத்து மலைச்சுவர் அங்கதான். செட்டை மேல இருக்கிறதால கீழ மறைக்காது; ஆனா நடு வரிசையில புரொப்பெல்லரும், இறங்கேக்க விரியிற சில்லும் மறைக்கும். பின் வரிசைக்குப் போங்கோ.

படம் எடுக்கிறவை போலரைசர் வில்லையைக் கழட்டுங்கோ, பிளாஸ்ரிக் யன்னலில வானவில் கோடு விழும். போனைக் கண்ணாடியில ஊண்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கோ, இல்லாட்டி அதிர்வு படத்தில வரும். கறுப்புச் சட்டை போட்டா பிரதிபலிப்பு குறையும்.

பேர்கன் போறவை: ஒஸ்லோவிலிருந்து இடப்பக்கம் ஃபொல்கெஃபொன்னா பனிப்பாறை, வலப்பக்கம் ஹர்டாங்கர்யோக்குலன் பனிப்பாறை. திரும்பி வரேக்க பக்கம் மாறும்.